கிடைக்காவலில் ஒரு சிவராத்திரி

மாசி மாதத் தேய்பிறைச் சதுர்த்தசி இரவு தென்மாவட்டத்துக் குடும்பங்களுக்கு இரட்டைச் சிறப்பு உடையது. சிவாலயங்களில் நான்கு சாமப் பூஜை நடைபெறும். அதே இரவில், பிழைப்பைத் தேடி ஊர்விட்டுப் போனவர்களெல்லாம் திரும்பி வந்து, காட்டோரத்திலும் கண்மாய்க்கரையிலும் இருக்கும் குலதெய்வக் கோயில்களில் பங்காளிகளோடு கூடிப் படையலிட்டு வழிபடுவார்கள். எங்கள் குலதெய்வக் கோயில் போடிநாயக்கனூருக்குத் தெற்கே, தேவாரம் செல்லும் சாலையிலிருந்து மேற்கே மலையை நோக்கிப் பிரியும் ஒரு வண்டிப்பாதையின் முடிவில் இருக்கிறது. ஐயனாரும் கருப்பசாமியும் எழுந்தருளியிருக்கும் சிறிய கோயில். கோபுரம் கிடையாது, ஒரு புளியமரமும் ஓர் ஓட்டுக்கொட்டகையும்தான். ஆண்டு முழுவதும் அங்கே ஆளரவம் இருக்காது. சிவராத்திரி அன்று மட்டும் வேன்களும் கார்களும் வரிசையாக நிற்கும்.

போடிக்குப் போவது இப்போது எளிது. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்றுபோன ரயில், 2023 ஜூன் 15 முதல் மீண்டும் போடி வரை வருகிறது. ரயிலை விட்டு இறங்கினால் கண்முன்னே மலை. கடைவீதியில் நடந்தால் ஏலக்காய் மணம். மலைமேல் விளையும் ஏலம் இந்த ஊருக்கு வந்துதான் ஏலம் போகிறது. சுப்பிரமணிய சுவாமியைத் தரிசித்துவிட்டு வெளியே வந்து நின்றால் பழந்தமிழர் வகுத்த திணைப்பிரிவின் எல்லைக்கோடு இந்த ஊர் வழியாகத்தான் போகிறதோ என்று தோன்றும். மேலே குறிஞ்சி, அதன் தெய்வம் சேயோன். கீழே, சரிவு தணிந்து புல்லும் புதருமாக விரியும் அடிவாரம் முல்லை; அதன் தெய்வம் மாயோன். ஆடும் மாடும் மேய்ப்பவர்களின் வாழ்வு இந்த இரண்டுக்கும் இடையில் நடக்கிறது. முருகன் காக்கும் மலையிலிருந்து இறங்கிவரும் விலங்குக்கும், கண்ணன் மேய்த்த குலத்தைச் சேர்ந்த கால்நடைக்கும் நடுவே ஒரு மனிதன் கோலூன்றி நிற்கிறான்.

அப்படி நிற்கும் ஒருவரை இந்த ஆண்டு சிவராத்திரியில் சந்தித்தேன்.

முதல் சாமப் பூஜை முடிந்து திருநீறு வழங்கிக்கொண்டிருந்தோம். அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், தோளில் கம்பளி, கையில் உயரமான கம்பு, வரிசையில் நிற்காமல் ஓரமாக நின்றார். என் சித்தப்பா அவரை அழைத்துத் திருநீறு கொடுத்தார். நெற்றியில் கொஞ்சம் இட்டுக்கொண்டு, மீதியைத் துண்டில் முடிந்தார்.

"வீட்டுக்கா, பெரியவரே?" என்று கேட்டேன்.

"ஆட்டுக்குத் தம்பி. கிடை பக்கத்துலதான் கெடக்கு. இன்னும் ரெண்டு சாமம் இருந்து போகலாம்தான். ஆனா இருட்டு அப்படி."

சதுர்த்தசி இரவு எவ்வளவு இருண்டது என்பதை நகரத்தில் வாழும் நாம் மறந்துவிட்டோம். கோயிலில் கட்டியிருந்த குழல்விளக்குகளைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் தன் கையே தனக்குத் தெரியவில்லை. நிலவிருக்கும் இரவில் சிறுத்தை வெட்டவெளிக்கு வரத் தயங்கும்; இருட்டு அதற்குத் துணை. ஆகவே நாம் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திருக்கும் இரவு, ஆட்டுக்காரருக்கு மாதந்தோறும் வரும் மிகக் கடுமையான காவல் இரவு. "நீங்க வருசத்துக்கு ஒரு ராத்திரி முழிக்கிறீங்க. நமக்குத் தெனமும் சிவராத்திரிதான்" என்று அவர் சிரித்தபோது, அது எல்லாரும் சொல்லும் பேச்சாகத்தான் காதில் விழுந்தது. அவரோடு சென்று கிடையில் உட்கார்ந்த பிறகுதான் அதன் பொருள் புரிந்தது. சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டு, மூன்றாம் சாமத்துக்குத் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில் அவரைப் பின்தொடர்ந்தேன். அவர் பெயரையும் கிடை இருந்த இடத்தையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.

அறுவடை முடிந்த ஒரு புஞ்சை அது. நில உடைமையாளர் எருவுக்காகக் கிடை போடச் சொல்லியிருந்தார். ஆட்டுக்கிடை போட்ட நிலம் அடுத்த வெள்ளாமைக்குத் தனியாக உரம் கேட்காது என்பது இங்குள்ள உழவர்களின் அனுபவம். நிலத்தின் நட்டநடுவே கிடை. ஓரத்தில் நல்ல வேப்பமர நிழல் இருந்தும் ஏன் அங்கே போடவில்லை என்று கேட்டேன். மரத்தடி பகலுக்கு நல்லது, இரவுக்கு ஆகாது என்றார். சிறுத்தை ஓடித் துரத்திப் பிடிக்கும் விலங்கு அன்று. புதர், ஓடைச்சரிவு, மரநிழல் என்று ஒளிவிடம் பற்றிப் பற்றி, வயிறு தரையில் பட ஊர்ந்து வந்து, கடைசிச் சில அடிகளை மட்டும் பாயும். அதற்கு ஒளிய இடம் கொடுக்காமல் நாற்புறமும் வெறும் நிலமாக விடுவதுதான் முதல் வேலி. முள்வேலி அதற்குப் பிறகுதான்.

அந்த முள்வேலியையும் கைவிளக்கொளியில் சுற்றி வந்து பார்த்தேன். இலந்தை முள்ளும் உடைமுள்ளும் வெட்டி அடுக்கியது. தூர்ப்பக்கம் உள்ளேயும் நுனிப்பக்கம் வெளியேயும் இருக்க வேண்டும். அப்போதுதான் வெளியிலிருந்து இழுப்பதற்குப் பிடி கிடைக்காது. உள்ளிருப்பவர் தூரைப் பிடித்து இழுத்து இறுக்கிக்கொள்ளலாம். வாசல் என்று தனியாக ஒன்றும் இல்லை. ஆடுகள் அடைந்ததும் கடைசியாக ஒரு பெரிய முள்கட்டை உள்ளே நின்றபடி இழுத்து அடைத்துவிட்டால் அதுவும் வேலியாகிவிடும். குட்டிகளுக்குத் தனியாக மூங்கிலில் பின்னிய கூடு. அது ஆட்களின் கட்டிலுக்கு அருகில், தாயாடுகளின் நடுவில். ஆடுகள் மிரண்டு நெருக்கியடித்தால் முதலில் மிதிபட்டுச் சாவது குட்டிகள்தாம் என்பதால் இந்த ஏற்பாடு.

"சிறுத்தைக்கு இந்த முள் எம்மாத்திரம்? தாண்டிவிடாதா?"

தாண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் தாண்டுவதற்கு முன் அது ஒரு கணம் நிற்க வேண்டும்; நின்று இடம் பார்க்க வேண்டும். அந்த ஒரு கணத்தில் நாய்க்கு மோப்பம் கிட்டும், ஆடு எழுந்து நிற்கும், ஆள் விழிப்பான். முள் தடுப்பதில்லை, தாமதிக்க வைக்கிறது. தாமதித்தால் போதும், மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. பேச்சு முழுவதிலும் அவர் 'சிறுத்தை' என்ற சொல்லை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. 'அது' என்பார், இல்லாவிட்டால் மேற்கே முகவாயைக் காட்டுவார்.

மந்தையில் எண்பத்தைந்து செம்மறிகளோடு ஏழு வெள்ளாடுகள் இருந்தன. கலந்து வளர்ப்பதற்கும் காரணம் உண்டு. செம்மறியைக் கழுத்தில் பற்றினாலும் பெரும்பாலும் வாய் திறக்காது. பக்கத்தில் இருப்பவையும் ஒன்றோடொன்று ஒண்டுமே தவிரக் கத்தா. வெள்ளாடு அப்படியன்று, நிழல் அசைந்தாலே ஊரைக் கூட்டிவிடும். ஆகவே செம்மறிக்கூட்டத்துக்கு வெள்ளாடே நாக்கு. பகலில் வழிநடத்துவதும் அதுதான். அவற்றின் கழுத்தில் மட்டும் மணி. மேயும்போது மணி விட்டுவிட்டு ஒலிக்கும். தலை நிமிர்ந்தால் நிற்கும். ஓடினால் சிதறி ஒலிக்கும். கண்ணை மூடிப் படுத்திருப்பவரும் இந்த மூன்றையும் வேறுபிரித்துக் கேட்பார். திடீரென்று எல்லா மணிகளும் ஒருசேர நின்றால்தான் எழுந்து உட்கார வேண்டும் என்றார்.

மேய்ச்சலிலும் இதே நுட்பம் உண்டு. மந்தைக்கு முன்னே ஒருவர், பின்னே ஒருவர் போக வேண்டும். கொன்றுண்ணிகள் குறிவைப்பது எப்போதும் நொண்டியாகப் பின்தங்கும் ஆட்டைத்தான். பொழுது சாயும் நேரத்தில் ஓடைப்பள்ளத்தில் தண்ணீர் காட்டக்கூடாது. மலையில் மிளா குரல் கொடுத்தாலோ, கருமந்தி கிளைதாவிக் கத்தினாலோ அந்தத் திசைக்குப் போகக்கூடாது. அவை கொன்றுண்ணியைக் கண்டு இடும் கூக்குரல். செந்நாய் இன்னொரு வகைத் தொல்லை. அது இரவுக்குக் காத்திராமல் பகலிலேயே கூட்டமாக வரும். அதனிடம் முள்ளும் தீயும் பயன்படா. மந்தையை ஒரே கட்டாகச் சேர்த்து, ஆட்கள் கூச்சலிட்டுக்கொண்டு சுற்றிலும் நிற்பதுதான் வழி. அதற்கு ஆள் வேண்டும். பேச்சு எங்கு தொடங்கினாலும் 'ஆள் வேண்டும்' என்பதில்தான் வந்து நின்றது.

கிடையின் ஓரத்தில், மண்ணைச் செதுக்கிச் சுத்தம் செய்த வட்டத்துக்குள் ஒரு பெரிய கட்டை கனன்றுகொண்டிருந்தது. எரியவில்லை; கனன்றது. விடிய விடிய நிற்பது சுடரன்று, கனல்தான். காய்ந்த சாணத்தை அவ்வப்போது வைத்தால் புகை தாழ்வாகப் பரவும். மாசி, பங்குனியில் நெருப்பை வைத்துக்கொண்டு இருப்பதற்குத் தனிக் கவனம் வேண்டும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைச்சரிவில் பற்றிய தீயில், மலையேற வந்த இளைஞர்கள் பலர் மாண்டதை இந்த வட்டாரம் மறக்கவில்லை. இரவு படுக்கும் முன் பெரியவர் வட்டத்தைச் சுற்றி இன்னொரு முறை மண்வெட்டியால் இழுத்துவிட்டு வந்தார்.

மாடுகளின் கதை வேறு. அன்று பகலில், கோயிலுக்குப் பால் கொண்டுவந்த மாட்டுக்காரர்கள் சொல்லிக் கேட்டது இது. தேனி மாவட்டத்து மலைமாடுகள் வீட்டுக் கொட்டிலில் கட்டி வளர்க்கும் மாடுகள் அல்ல. கூரிய கொம்பும் செங்குத்தில் ஏறும் காலும் உடைய, மலைமேல் மேய்ந்து தொழுவில் அடையும் மந்தைகள். கொன்றுண்ணியின் வாடை பட்டால் கன்றுகளை நடுவில் விட்டுப் பெரிய மாடுகள் கொம்பை வெளியே நீட்டி வளையமாக நின்றுவிடும். மாட்டுக்காரரின் வேலை அந்த வளையம் கலையாமல் குரல் கொடுத்துக்கொண்டிருப்பதே. இத்தகைய மந்தையைத் தெய்வமாகவே வைத்துப் போற்றும் தலமும் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. கம்பத்தில் இருக்கும் நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத்தொழுவில் மூலவர் சிலை கிடையாது. அங்கே வழிபடப்பெறுவது மந்தையும் அதன் தலைவனான பட்டத்துக் காளையும். பழைய காளை மறைந்தால், நல்ல நாளில் மந்தையின் முன் கரும்பை வைத்துக் காத்திருப்பார்கள். முதலில் வந்து வாய்வைக்கும் காளைக்கே பட்டம். 1906இல் வெளிவந்த மதுரை மாவட்ட விவரச்சுவடியில் பிரான்சிஸ் என்ற ஆங்கில அதிகாரி இதை வியந்து எழுதிவைத்திருக்கிறார். மாட்டுப்பொங்கல் அன்று அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, அந்த வியப்பு இன்னும் பழசாகவில்லை என்பது தெரியும்.

கால்நடைக்காக உயிர்விட்டவர்களையும் இந்த மண் கல்லெழுப்பி வணங்கியது. ஆண்டிபட்டிப் பக்கம் வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டு கண்டெடுத்த நடுகற்களில் தமிழ்பிராமி எழுத்துகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் மாண்டவனுக்கு நட்டது. அங்கே பகை மனிதன். விலங்கோடு போரிட்டு விழுந்தவர்களுக்கும் தமிழ்நாட்டில் பல இடங்களில் கல் உண்டு. புலியின் மேல் குத்துவாளைப் பாய்ச்சும் வீரனின் உருவம் அவற்றில் செதுக்கப்பட்டிருக்கும். புலிக்குத்திக் கல் என்பார்கள். சின்னமனூர் ஒன்றியத்தில் புலிகுத்தி என்றே ஓர் ஊர் இருக்கிறது.

அந்த வீரக்கதைகளைப் பெரியவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், "குத்துற தூரத்துக்கு அது வந்துருச்சுன்னா, காவக்காரன் முன்னாடியே தப்புப் பண்ணிட்டான்னு அர்த்தம்" என்றார். கல்லெழுப்பிக் கும்பிடும் நமக்கு இப்படி ஒரு கோணம் தோன்றாது.

அவர் அதைப் பொதுவாகச் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்துத் தானாகவே சொன்னார். போன கார்த்திகையில் நடந்தது. ஐப்பசித் தீபாவளிக்கு வெள்ளாடுகளை நல்ல விலைக்கு விற்றிருந்தார். பத்து வருடம் கூட இருந்த கிழநாய் அதற்கு முந்தைய மாதம்தான் செத்திருந்தது. கூடப் படுக்கும் மகன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். மூன்று நாள் அடைமழையில் முள் அமிழ்ந்து வேலி இறங்கியிருந்தது. நனைந்த முள்ளைப் பிரித்து மறுபடி அடுக்கியிருக்க வேண்டும். காய்ச்சலாக இருந்ததால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தார். இரண்டாம் சாமத்துக்கு மேல் கொஞ்சம் கண் அயர்ந்தார். விழித்தபோது விடிந்திருந்தது. எட்டு ஆடுகள் கழுத்து முறிந்து கிடந்தன. ஒன்பதாவதை ஓடைப்பக்கம் இழுத்துச் சென்ற தடம் மட்டும் இருந்தது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. கத்துவதற்கு வெள்ளாடு இல்லை, குரைப்பதற்கு நாய் இல்லை.

வனத்துறையில் எழுதிக்கொடுத்து, கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, பிறகு நிவாரணமும் கிடைத்ததாம். அதைப் பற்றி அவருக்குக் குறையில்லை. ஆனால் அன்றே வேறொருவர் வந்து, செத்த ஆட்டில் மருந்து வைத்துவிட்டால் மறுநாள் இரவு தின்ன வரும்போது கதை முடிந்துவிடும் என்று யோசனை சொன்னாராம். பெரியவர் மறுத்துவிட்டார்.

"வாகனம் என்பதாலா?" என்று கேட்டேன். ஐயப்பனின் புலியும் அம்பிகையின் சிங்கமும் என் மனத்தில் இருந்தன.

"அப்படியும் வச்சுக்கலாம். மருந்து வச்சா அது மட்டுமா சாகும்? நரி தின்னும், கழுகு தின்னும், ஊர் நாய் தின்னும்." சற்று நேரம் கட்டையைக் கிளறினார். "அது அதோட பொழப்பப் பாத்துச்சு தம்பி. நான்தான் என் பொழப்பப் பாக்கல."

எனக்கு ஆனாய நாயனார் நினைவுக்கு வந்தார். லால்குடிக்கு அருகிலுள்ள திருமங்கலத்தில் ஆநிரை மேய்த்த அடியார். கொன்றை மரத்தைச் சிவனாகவே கண்டு குழலில் ஐந்தெழுத்தை ஓதியவர். அந்த இசையில் பகை விலங்குகளும் பகை மறந்து ஒன்றுகூடி நின்றன என்பதையே நாம் கதையாகச் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆனால் சேக்கிழார் பெருமான் அந்த அற்புதத்துக்கு முன்பே வேறொன்றைச் சொல்லிவிடுகிறார். காட்டில் வாழும் கொடிய விலங்குகளால் பசுக்களுக்குத் துன்பம் வராமல் விலக்கி, நல்ல புல்லும் தூய நீரும் காட்டி, குறைவில்லாமல் பெருகும்படி அவர் காத்தார் என்கிறார். குழல் பிறகுதான் வருகிறது. முதலில் அவர் நல்ல மேய்ப்பர். கார்த்திகை அத்தத்தில் அவருக்குக் குருபூஜை செய்யும்போது இனி எனக்கு இந்தப் பெரியவரின் கார்த்திகை இரவும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

இரண்டாம் சாமப் பூஜையின் மணி கோயிலிலிருந்து கேட்டது. மேற்கே, மலையின் இருட்டில், போடிமெட்டுச் சாலையின் வளைவுகளில் ஏறும் லாரி விளக்குகள் மின்மினிபோல் தோன்றி மறைந்தன. பதினேழு கொண்டைஊசி வளைவுகள் என்று பெயர்ப்பலகையில் படித்திருக்கிறேன். நான் எண்ணத் தொடங்கினேன்; ஆறோ ஏழோ வரை நினைவிருக்கிறது.

ஆம், தூங்கிவிட்டேன். சிவராத்திரி அன்று, விரதமிருந்து, கிடைக்காவல் காப்பவர் அருகிலேயே உட்கார்ந்தபடி. வில்வமரத்தில் ஏறிய வேடன் புலிக்கு அஞ்சி, தூக்கம் வராமலிருக்க இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டு, கீழே லிங்கம் இருப்பது அறியாமலே சிவராத்திரி பூஜை செய்து முத்திபெற்ற கதையைப் பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்த வேடனுக்கு இருந்த விழிப்பில் கால்பங்குகூட எனக்கு இல்லை.

என்னை எழுப்பியது ஓர் உறுமல். பெரியவரின் கால்மாட்டில் சுருண்டு கிடந்த நாய்க்குட்டி எழுந்து நின்றிருந்தது. நான்கு மாதக் குட்டி. செம்பழுப்பு உடம்பு, கரிபூசியதுபோல் கறுத்த முகவாய்: கோம்பை நாய். தேவாரம், பண்ணைப்புரம் தாண்டி அதே சாலையில் தெற்கே போனால் வரும் கோம்பைதான் அந்த இனத்துக்குப் பெயர் கொடுத்த ஊர். (பண்ணைப்புரம் இளையராஜா பிறந்த ஊர் என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் வளர்த்த நாய் அது, அளவில் நடுத்தரம், தாடையின் வலுவில் முதல்தரம். சிவனைக் குலதெய்வமாகக் கொண்டு இமயமலையில் ஆடு மேய்க்கும் கத்தி மக்கள், தங்கள் நாய்களின் கழுத்தில் முள்வைத்த இரும்புப் பட்டை பூட்டுவார்கள். சிறுத்தை முதலில் பாய்வது கழுத்துக்குத்தான். இங்கே அந்த வழக்கத்தை நான் காணவில்லை. காவல்நாயைக் கட்டிப்போடாமல் விடுகிறார்கள். கட்டிய நாய் சிறுத்தைக்கு இரையாகிவிடும். அவிழ்த்துவிட்ட நாய் விலகி நின்று குரைக்கும். ஆனால் இந்தக் குட்டிக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை என்பதால், அதைத் தன் கணுக்காலோடு கயிற்றால் பிணைத்திருந்தார். அது அசைந்தால் அவர் விழித்துவிடுவார்.

மலைப்பக்கம் ஒரு மிளா குரல் கொடுத்தது. சற்றுப் பொறுத்து, இன்னும் கீழே, இன்னொன்று. வெள்ளாட்டு மணிகள் அனைத்தும் நின்றிருந்தன.

பெரியவர் பதறவில்லை. எழுந்து கம்பை ஊன்றி, நாக்கை மடித்து ஒரு சீழ்க்கை அடித்தார். அவ்வளவு மெலிந்த உடம்பிலிருந்து அப்படி ஓர் ஒலி வரும் என்று எதிர்பார்க்கவில்லை, செவி அதிர்ந்தது. படுத்திருந்த மந்தை முழுவதும் எழுந்து, சிதறாமல், அவர் பக்கம் ஒடுங்கியது. பகையை விரட்டுவதும் மந்தையை ஒன்றுசேர்ப்பதும் அந்த ஒரே ஒலிதான். மழை இரவில் கோலூன்றித் தனியே நிற்கும் இடையன் வாய்மடித்து எழுப்பும் சீழ்க்கையைக் கேட்டு, ஆட்டுக்குட்டிகளைக் குறிவைத்திருந்த குறுநரி அஞ்சி முட்புதருக்குள் ஓடுவதை அகநானூற்றில் இடைக்காடனார் பாடியிருக்கிறார். கல்லூரி நாளில் அதைப் படித்தபோது உரையில் 'வீளை' என்ற சொல்லுக்குப் பொருள் பார்த்துக் கடந்துபோனேன். ஈராயிரம் ஆண்டுக் காட்சி அன்றுதான் காதில் விழுந்தது.

பிறகு அவர் வேலியைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். உரக்கப் பேசிக்கொண்டே நடந்தார். பேச்சில் பொருள் ஒன்றும் இல்லை. ஆடுகளின் அடையாளங்களைச் சொல்லி அழைப்பார், கருப்பசாமியை அழைப்பார், என்னை அழைத்து, "தம்பி, நீங்களும் ஏதாச்சும் பேசுங்க" என்பார். எனக்கு என்ன பேசுவதென்று தெரியாமல் சிவபுராணத்தை ஆரம்பத்திலிருந்து சத்தமாகச் சொன்னேன். "அது போதும், நல்லாருக்கு, நிறுத்தாதீங்க" என்றார். கைவிளக்கை அடித்துப் பார்க்கட்டுமா என்றதற்கு வேண்டாம் என்று தடுத்துவிட்டார். அதைக் காண்பதில் அவருக்கு ஆவல் இல்லை. இங்கே ஆள் விழித்திருக்கிறான் என்று அதற்குத் தெரிந்தால் போதும்.

அரைமணி நேரம் கழித்து ஒரு வெள்ளாட்டு மணி அசைந்தது. பிறகு இன்னொன்று. குட்டிநாய் படுத்துக்கொண்டது. பெரியவர் உட்காரவில்லை.

மூன்றாம் சாமப் பூஜையை நான் தவறவிட்டேன். நான்காம் சாமத்து மணியும் கிடையிலேயே காதில் விழுந்தது. இடையில் அவர் சொன்னவற்றில் ஒன்று. முன்பெல்லாம் ஒரு கிடைக்கு நான்கு ஆள் படுப்பார்கள். ஆளுக்கு ஒரு சாமம். சிவன் கோயிலில் இருக்கும் அதே நான்கு சாமக் கணக்கு. இப்போது ஒரே ஆள் நான்கு சாமமும். மேய்ச்சல் நிலமும் சுருங்கிவிட்டது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் தமிழகக் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடைவிதித்த உயர் நீதிமன்றம், அதே மாதத்தில் அந்தத் தடையைப் புலிகள் காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள் என்ற அளவுக்குத் தளர்த்தியது. காப்பகம் நல்லது என்றே நான் நினைக்கிறேன். வைகையின் ஊற்றுக்கண்ணே அந்த மலைகளில்தான் இருக்கிறது. ஆண்டாள் நாச்சியார் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூர் அதன் மறுபுறத்து அடிவாரம். ஆனால் காடும் வாழ வேண்டும், கிடையும் வாழ வேண்டும் என்றால் நடுவில் இப்படி விழித்திருக்கும் ஆட்கள் இருக்க வேண்டும். அவர்கள் இல்லாத இடத்தில் மருந்தும் மின்கம்பியும் அந்த வேலைக்கு வருகின்றன. 2022 செப்டம்பரில் பெரியகுளம் வட்டாரத்தில் ஒரு தோட்டத்து மின்வேலியில் சிக்கிச் சிறுத்தை ஒன்று இறந்தது செய்தியாயிற்று. முள்வேலி அதுபோல் எதையும் கொல்வதில்லை.

கிழக்கு வெளுத்தது. பெரியவர் முள்கட்டை இழுத்து வழிவிட்டு, ஆடுகளை ஒவ்வொன்றாக வெளியேற்றினார். கம்பைக் குறுக்கே பிடித்து, இரண்டிரண்டாக எண்ணினார். நாற்பத்தாறு ஜோடி. எண்ணி முடிக்கும்வரை மூச்சுவிட்டாரா என்பதே ஐயம். பிறகு துண்டின் முடிச்சை அவிழ்த்து, திருநீற்றை ஒவ்வொரு வெள்ளாட்டின் நெற்றியிலும் தொட்டுவைத்தார். மீதியைக் காற்றில் மந்தையின் மேல் தூவினார்.

ஓடை மணலுக்கு என்னை அழைத்துச் சென்றார். உள்ளங்கை அகலத்தில் வட்டமான அடித்தடங்கள், நகம் பதியவில்லை. நாயின் தடத்தில் நகம் தெரியும், இதில் தெரியாது என்று விளக்கினார். மலையிலிருந்து ஓடை வழியே நேராக வந்து, கிடைக்கு நாற்பது ஐம்பது அடி தூரத்தில், ஆவாரம்புதரின் மறைவில் அந்தத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பியிருந்தன. அது அங்கே நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறது. என் சிவபுராணத்தை முழுவதும் கேட்டிருக்கும். பிறகு வந்த வழியே திரும்பிப் போயிருக்கிறது.

கோயிலில் என்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பொங்கலும் சுண்டலும் ஒரு வாழையிலையில் மடித்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்து கொடுத்தேன். பாதியைப் பிட்டு நாய்க்குட்டிக்கு வைத்தார். வீட்டில் ஆட்டை விற்றுவிடச் சொல்லி நச்சரிக்கிறார்களாம். பங்குனி முடிந்ததும் மகன் வந்து பேசுவானாம்.

"விற்றுவிடுவீர்களா?"

"இந்தப் பய எப்படிக் குரைக்கிறான்னு பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும். இன்னும் உறுமத்தான் தெரியுது."

அதன் பெயர் என்ன என்று கேட்டேன்.

"இன்னும் வைக்கல தம்பி. ஒரு மழைக்காலம் தாண்டட்டும்" என்றார். கம்பை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, ஓடையை விலக்கி, வெட்டவெளிப் பக்கமாக மந்தையைத் திருப்பினார்.